ஏழு ஐம்பத்திரண்டு ரயிலின் ஒரே பயணி

ஜெர்மனியின் சின்ன ஊரான மார்டன்ஷ்டெட்டில் ரயில்மீது அன்பில்லாத மனிதர் ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. ரயிலில் ஏறும் மனிதரைக் காட்டுவதும் கடினம்தான், ஆனால் தேடினால் ஒருத்தி கிடைப்பாள். அவள் பெயர் அன்னெக்ரெட் லூடெமன். வயது ஐம்பத்தாறு. இருபத்துநான்கு வருடங்களாகக் காலை ஏழு ஐம்பத்திரண்டு ரயிலில் வெல்ஃபன்பர்க் போய், அங்கே மாவட்ட மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துவிட்டு, மாலை ஆறு எட்டுக்கு ஊர் திரும்புகிறவள்.

அவள் ரயிலில் போவதற்குக் காரணம் அன்பு அல்ல. இடது கண்ணில் பிறவியிலேயே பார்வை கிடையாது. வலது கண் நேரே இருப்பதைப் பார்க்கும், ஓரத்தில் வருவதைப் பார்க்காது. இப்படிப்பட்டவளுக்கு ஓட்டுநர் உரிமம் கொடுக்க முடியாது என்று பதினெட்டு வயதிலேயே மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மார்டன்ஷ்டெட்டில் உரிமம் இல்லாமல் பதினெட்டு வயதைக் கடப்பது, வேறு ஊர்களில் மூக்கில்லாமல் பிறப்பதற்குச் சமம். எல்லாரும் கனிவாக நடந்துகொள்வார்கள், யாரும் நேராகப் பார்க்கமாட்டார்கள்.

ஏனென்றால் ஊருக்கு ரொட்டி போடுவது கார். ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்குக் கீல் செய்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் கார்க் கதவைத் திறந்தாலும் அதில் எங்கள் கை இருக்கும் என்று நகரத் தலைவர் ஒவ்வொரு புத்தாண்டுக் கூட்டத்திலும் சொல்வார். கீலுக்கு அடுத்தபடியாக ஒரு வெள்ளரிக்காய் ஊறுகாய் ஆலை இருந்தது. பள்ளி முடித்ததும் அன்னெக்ரெட் அங்கேதான் புட்டிகளுக்கு மூடி போட்டாள். ஆலை போலந்துக்குப் போய்விட்டது, வெள்ளரிக்காய் மட்டும் இங்கேயே விளைந்துகொண்டிருக்கிறது. காய் லாரியேறிப் போய், புட்டியில் அடைபட்டு, மறுபடி லாரியேறி வந்து, பேரங்காடியில் "நம்ம ஊர் ருசி" என்ற சீட்டோடு உட்கார்ந்திருக்கும்.

போக்குவரத்து வசதியிலும் ஊருக்குக் குறைவில்லை. பெரிய நெடுஞ்சாலையில் "மார்டன்ஷ்டெட்" என்று ஊர் பெயர் போட்ட வெளியேறும் பாதை உண்டு. அங்கிருந்து ஊர் பதினான்கு கிலோமீட்டர்தான். அந்தப் பாதையை ஒட்டி, மாட்டுச் சந்தை அளவுக்கு ஒரு பொட்டலக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். உலகத்துப் பொட்டலமெல்லாம் அங்கே வந்து இறங்குகிறது. மார்டன்ஷ்டெட்காரர் வாங்கிய பொட்டலம் மட்டும் அங்கிருந்து வெல்ஃபன்பர்க் போய், ஒரு இரவு தங்கிவிட்டு, பிறகு ஊருக்கு வரும். லாரிகள் கடைவீதி வழியாக வரக்கூடாது என்று ஊர் முப்பது வருடம் போராடி ஒரு புறவழிச் சாலையையும் வாங்கியது. லாரிகள் போயின, கூடவே வாடிக்கையாளர்களும் போனார்கள். ரொட்டிக்கடை மூடியது, இறைச்சிக்கடை மூடியது. இப்போது கடைவீதியில் செவித்திறன் கருவி விற்கும் கடை ஒன்றுதான் செழிப்பாக இருக்கிறது. அத்தனை அமைதியில் தனக்குக் காது போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு ஆட்கள் அங்கே போகிறார்கள்.

அன்னெக்ரெட்டுக்கு ஒரு கணவனும் இருந்தான். டெட்லெஃப். கீல் தொழிற்சாலைக்காரன், கார் வைத்திருந்தவன். பதினொரு வருடம் அவளை எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனான். பன்னிரண்டாவது வருடம் தான் மட்டும் கிளம்பிப் போனான். கூடவே காரும் போனது. ஊர் அவளுக்காக வருந்தியதில் பாதி அந்தக் காருக்காக.

ரயில்மீது இருந்த அன்பை ஊர் சும்மா விட்டுவைக்கவில்லை. ஜெர்மனியில் மூன்று பேருக்கு ஒரே அன்பு வந்துவிட்டால் சங்கம் பதிவு செய்துவிடுவார்கள். மார்டன்ஷ்டெட் கிளை ரயில்தட நண்பர்கள் சங்கத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். தலைவர் ஹார்ட்முட் ப்ளெட்னர், கீல் தொழிற்சாலையின் சரக்கு அனுப்பும் பிரிவில் முப்பத்தொரு வருடம் தலைமை வகித்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலைக்குள் வந்துகொண்டிருந்த தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து எல்லாவற்றையும் லாரிக்கு மாற்றியவர் அவரேதான். பெயர்த்ததில் ஒரு முழத் துண்டை மெருகேற்றி வரவேற்பறையில் வைத்திருக்கிறார். அவ்வளவு பாசம்.

சங்கக் கூட்டம் மாதம் ஒரு முறை, பழைய நிலையக் கட்டடத்தில், மாலை ஐந்தரைக்கு. ஆறரைக்கு எல்லாரும் வீட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக உட்கார்ந்தாக வேண்டும் அல்லவா? அதனால், ரயிலில் போகிற ஒரே உறுப்பினர் ரயிலிலிருந்து இறங்கும்போது ரயில் நண்பர்கள் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, நிலையத்து வாசலில் கார்களைக் கிளப்பிக்கொண்டிருப்பார்கள். அன்போடு கையசைப்பார்கள்.

இந்த நிலையில்தான் ஆகஸ்ட் மாதம் வட்டாரப் போக்குவரத்துக் குழுமத்திடமிருந்து எல்லார் வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்தது. செப்டம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிவரை மார்டன்ஷ்டெட்டில் பயணிகள் எண்ணப்படுவார்கள். நாற்பது பேருக்குக் குறைந்தால் டிசம்பர் கால அட்டவணையிலிருந்து ரயில் அங்கே நிற்காது. பயணிகள் வருந்த வேண்டாம், அழைப்புப் பேருந்து ஏற்பாடு செய்யப்படும். முந்தின நாள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் தொலைபேசியில் சொல்லிவிட்டால் பேருந்து வரும். இரண்டு இடத்தில் மாறினால் ஒன்பது நாற்பதுக்கு வெல்ஃபன்பர்க் சேரலாம்.

அன்னெக்ரெட்டின் வேலை எட்டரைக்குத் தொடங்குகிறது. அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஃப்ராவ் லூடெமன், மெஷின் எட்டரைக்கு ஓட ஆரம்பிக்கும். பஸ்ஸுக்காக அது காத்திருக்காது. டிசம்பர்ல இருந்து நேரத்துக்கு வர முடியுமா முடியாதான்னு நவம்பர் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க."

விரிப்பு மடிக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவள் நெவின். பதினாறு வருடமாக இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்.

"என்னடி அன்னெ, மூஞ்சி ஊறப்போட்ட துணி மாதிரி இருக்கு?"

அன்னெக்ரெட் சொன்னாள்.

"இங்கயே வீடு பாத்துட்டு வந்துடேன்."

"வாங்கற சம்பளத்துல பாதி வாடகைக்கே போயிடும். மீதியில நான் எதைத் தின்னுறது, இந்தத் துணியையா?"

"என் வீட்டு சோபா இருக்குடி. ஆனா அது மேல என் மாமியார் இருக்கா. ஜூன்ல வந்தவ, இன்னும் எந்திரிக்கல." நெவின் விரிப்பை உதறினாள். "இருநூறு பேர் சங்கம் வச்சிருக்கீங்களே, அதுல நாப்பது பேர் ஒரு நாள் ஏறமாட்டாங்களா?"

"ஏறுவாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்காத. போய் கேளு."

செப்டம்பர் கூட்டத்துக்காக அன்னெக்ரெட் அரை நாள் விடுப்பு எடுத்தாள். அவளைக் கூட்டத்தில் பார்த்ததும் ஒருவர் வரவேற்று, புது உறுப்பினரா என்று கேட்டார்.

ப்ளெட்னர் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டினார். அடிக்குறிப்புகளையும் விடவில்லை.

"நாப்பது பேர் ஏறினா போதும், ஹெர் ப்ளெட்னர்," என்றாள் அன்னெக்ரெட்.

"நாப்பதா? அறுபது பேரை ஏத்திக் காட்டறேன். நம்ம என்ன ஏனோதானோன்னு செய்யற ஆளுங்களா?"

அறுபது கைகள் உயர்ந்தன. அன்னெக்ரெட் அவற்றை இரண்டு முறை எண்ணினாள். பிறகு விவாதம் தொடங்கியது. முதல் கேள்வி, காரை எங்கே நிறுத்துவது. அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. நிலையத்து வாசலில் இருபத்திரண்டு கார் நிற்கும், மீதியைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்தலாம், ஆனால் அங்கே செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும், அதற்கு முன்கூட்டியே ஒரு விண்ணப்பம் போடவேண்டும். பென்னோ ஹார்ட்விக் என்ற வெள்ளரி விவசாயி எழுந்து கூச்சத்தோடு கேட்டார்.

"ஒரு சந்தேகம். ரயில் கதவு தானா தொறக்குமா, இல்ல ஏதாவது செய்யணுமா?"

எல்லாரும் அன்னெக்ரெட்டைப் பார்த்தார்கள்.

"பச்சை பட்டனை அமுக்கணும்," என்றாள்.

நாலைந்து பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"டிக்கெட் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம்," என்றார் ப்ளெட்னர். "நாள் முழுக்கச் செல்லுபடியாகிற குழு டிக்கெட். அஞ்சு பேருக்கு ஒண்ணு. பன்னெண்டு வாங்கியாச்சு. உள்ளதுலயே மலிவு."

மலிவு என்ற சொல்லுக்குக் கைதட்டல் எழுந்தது. அன்னெக்ரெட்டும் தட்டினாள். இருபத்துநான்கு வருடமாக மாதச் சீட்டு அட்டையைப் பையில் வைத்திருப்பவளுக்குக் குழு டிக்கெட்டின் விதிகள் எப்படித் தெரியும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர் கூடித் தேர் இழுக்க வந்துவிட்டது. ஏழு இருபதுக்கெல்லாம் கார்கள் கோடு பிசகாமல் நின்றன. தீயணைப்புப் படையின் ஊதுகுழல் குழு வந்திருந்தது. யாரோ இரண்டு தட்டு பிளம் கேக் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். "எங்கள் ரயில் எங்களுக்கு வேண்டும்" என்று துணியில் எழுதி நடைமேடையில் கட்டியிருந்தார்கள். முறையாக அனுமதி வாங்கித்தான்.

எண்ணுவதற்கு வந்திருந்தவர் ஓல்ஷெவ்ஸ்கி என்ற ஓய்வுபெற்ற கணக்காசிரியர். கழுத்தில் அட்டை, கையில் படிவம், காதில் பென்சில். கேக் கொடுத்தார்கள். பணியில் இருக்கும்போது சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டார். ஊருக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

ஏழு நாற்பத்தைந்துக்கு ப்ளெட்னர் அறுபது பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட்டு, ஆளுக்கொரு டிக்கெட்டை ஒப்படைத்தார். நான்காம் குழுவின் பொறுப்பாளர் ஃப்ராவ் கெஸ்ஸெபோம். நாற்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்த அம்மாள். பொடி எழுத்தைப் படிக்காமல் ஒரு தாளையும் கையில் வைத்திருக்கத் தெரியாது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஹெர் ப்ளெட்னர், வேலை நாள்ல காலை ஒம்பது மணிக்கு அப்புறம்தான் செல்லும்னு இதுல போட்டிருக்கே."

ஊதுகுழல்கூட நின்றுவிட்டது. ப்ளெட்னர் தன் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார். அறுபது பேரும் தங்கள் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழு ஐம்பது.

அந்த ரயில் அந்த வருடத்தில் ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை. பனியென்று தாமதித்திருக்கிறது, வெயிலென்று தாமதித்திருக்கிறது, ஒரு முறை தண்டவாளத்தில் அன்னம் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லித் தாமதித்திருக்கிறது. அன்றைக்கு ஏழு ஐம்பத்திரண்டுக்கு, நொடி பிசகாமல், ஒற்றைப் பெட்டி வந்து நின்றது.

அன்னெக்ரெட் பச்சை பட்டனை அழுத்தினாள். கதவு திறந்தது. பின்னால் யாரும் வரவில்லை.

"ஏறுங்க!" என்றாள். "மொதல்ல ஏறுங்க, அப்புறம் பாத்துக்கலாம்!"

"டிக்கெட் இல்லாமலா?" ப்ளெட்னரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"கையில வச்சிருக்கீங்களே!"

"செல்லாத டிக்கெட்டுங்க இது. ஒம்பது மணிக்கு அப்புறம் செல்லும். இப்ப செல்லாது."

ஓல்ஷெவ்ஸ்கி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "ஒரு தகவலுக்குச் சொல்றேன். டிக்கெட் பாக்கறது என் வேலை இல்ல. ஏறினா எண்ணுவேன், அவ்வளவுதான். இந்த வண்டியில இன்னிக்கி நடத்துநரும் கிடையாது."

"யாரும் பாக்கலைன்னா ஏறிடலாமா?" என்று கேட்டார் ஃப்ராவ் கெஸ்ஸெபோம். "நாங்க பாத்துக்கிட்டுதானே இருக்கோம்?"

சிலர் டிக்கெட் இயந்திரத்துக்கு ஓடினார்கள். ஓடினார்கள் என்றால், வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் பென்னோ ஹார்ட்விக். எந்த மொழி, எந்த மண்டலம், எத்தனை பெரியவர், நாய் உண்டா, மிதிவண்டி உண்டா என்று இயந்திரம் நிதானமாகக் கேட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதிலை யோசித்துச் சொன்னார்.

"பென்னோ, சீக்கிரம்பா!"

"இருய்யா, நாயான்னு கேக்குது. நாய் வீட்டுல இருக்கு. உண்டுன்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா?"

"ஃப்ராவ் லூடெமன், பதறாதீங்க," என்றார் ப்ளெட்னர். "அடுத்த வண்டி ஒம்பது ஐம்பத்திரண்டு. அதுல நாங்க அறுபது பேரும் முறையா வர்றோம்."

"எண்ணுறது ஒம்பதோட முடியுதே, ஹெர் ப்ளெட்னர்! எனக்கு வேலை போயிடும்!"

"அவங்க நேரத்தைத் தப்பா வச்சா அது அவங்க தப்பு. நம்ம பக்கம் தப்பு இருக்கக் கூடாது, பாருங்க."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பொய்யர் இல்லை, கல்நெஞ்சர் இல்லை. அவளுக்காகக் கையை வெட்டிக் கொடு என்றால்கூடக் கொடுத்திருப்பார், அதற்கான படிவம் இருந்திருந்தால். செல்லாத டிக்கெட்டோடு ஒரு படி ஏறுவது மட்டும் அவரால் ஆகாத காரியம்.

கதவு மூடும் மணி அடித்தது. பென்னோ ஹார்ட்விக் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்து ஏறினார். ஓல்ஷெவ்ஸ்கியும் ஏறினார். வண்டி நகர்ந்தது. வண்டி நகரும்போது வாசிக்க வேண்டும் என்று ஊதுகுழல் குழுவிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர்கள் வாசித்தார்கள். ஐம்பத்தொன்பது பேர் நடைமேடையில் நின்று கையசைத்தார்கள்.

அன்னெக்ரெட் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தாள். ஒரு கண்ணால் பார்த்தாலும் இரண்டு கண்ணாலும்தான் அழ முடியும். அழுதாள். பென்னோ கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஜன்னல் வழியே தன் வெள்ளரி வயலைப் பார்த்தார். ரயிலிலிருந்து அது சின்னதாகத் தெரிந்ததில் அவருக்கு வருத்தம்.

ஓல்ஷெவ்ஸ்கி எதிரே வந்து அமர்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஏறினவங்க ரெண்டு. சரிதானே?"

"சரி."

"இங்க இன்னொரு கட்டம் இருக்கு. 'பயணத்துக்காக நடைமேடையில் வந்து நின்றும் ஏற முடியாமல் விடுபட்டவர்கள்.' ஐம்பத்தொம்போதுன்னு எண்ணினேன். இந்தக் கட்டத்தை நிரப்பினா ஒரு பயணி சாட்சிக் கையெழுத்து போடணும்."

அன்னெக்ரெட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். "ஏன் விடுபட்டாங்கன்னு எழுத வேண்டாமா?"

"அதுக்குக் கட்டம் இல்ல."

"அவங்க ஏறாததுக்குக் காரணம் டிக்கெட்…"

"ஃப்ராவ் லூடெமன்," ஓல்ஷெவ்ஸ்கி பென்சிலை உயர்த்தினார், முப்பத்தெட்டு வருடம் வகுப்பறையில் உயர்த்திய அதே மாதிரி. "கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா படிவம் செல்லாமப் போயிடும். நான் இதுவரைக்கும் ஒரு படிவத்தையும் செல்லாமப் பண்ணினதில்ல. ஐம்பத்தொம்போது பேர் பயணத்துக்காக வந்து நின்னாங்களா?"

"நின்னாங்க."

"அவங்களால ஏற முடிஞ்சுதா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தன் மாதச் சீட்டைச் சோதிக்க மறந்த நடத்துநரைக் கூப்பிட்டுக் காட்டியவள் அவள். பக்கத்து வீட்டுக் கடிதம் தன் பெட்டியில் விழுந்தால் மழையிலும் கொண்டுபோய்க் கொடுப்பவள். அந்தத் தாளில் பொய் இல்லைதான், ஆனால் உண்மை முழுசாக இருக்கிறதா? வண்டி ஒரு நிறுத்தத்தைத் தாண்டியது. அங்கே நிற்பதை நான்கு வருடம் முன்பே விட்டுவிட்டார்கள். நடைமேடை நெடுக நெட்டிலிங்கக் கன்று மாதிரி ஏதோ களை உயரமாக முளைத்து நின்றது. ப்ளெட்னரின் முகம் நினைவுக்கு வந்தது. கதவு திறந்திருந்தது, படி இருந்தது, இடம் இருந்தது. அந்த மனிதரால் ஏற முடிந்ததா?

"முடியல," என்றாள். "சத்தியமா முடியல, ஹெர் ஓல்ஷெவ்ஸ்கி."

"அப்ப கையெழுத்து போடுங்க."

போட்டாள்.

மற்றவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்தொன்பது பேரும் செல்லுகிற டிக்கெட்டோடு வெல்ஃபன்பர்க் போய், காபி குடித்து, மதியம் திரும்பினார்கள். எண்ண ஆளில்லை. அருமையான பயணம், இதை அடிக்கடி செய்யவேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பிறகு காரில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

நவம்பர் கடைசி நெருங்கியது. மேற்பார்வையாளருக்குக் கொடுக்க வேண்டிய தாளை அன்னெக்ரெட் மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தாள். நான்காவது தாளை எழுதி உறையில் போட்டு ஒட்டிய அன்றுதான் குழுமத்தின் அறிவிப்பு நிலையத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டப்பட்டது.

விடுபட்டவர்கள் கட்டத்தை வடிவமைத்தவருக்கு, பயணி விடுபட ஒரே ஒரு காரணம்தான் தோன்றியிருக்கிறது: வண்டியில் இடமில்லை. எனவே குழுமம் இப்படி எழுதியிருந்தது. மார்டன்ஷ்டெட்டில் காலை வேளையில் அறுபத்தொரு பயணிகளின் தேவை பதிவாகியுள்ளது. அவர்களில் ஐம்பத்தொன்பது பேரை ஏற்றிக்கொள்ள முடியாமல் போனதற்குக் குழுமம் மன்னிப்புக் கோருகிறது. இக்கடும் நெரிசலைக் கருத்தில் கொண்டு, டிசம்பர் முதல் ஏழு ஐம்பத்திரண்டு ரயிலில் கூடுதலாக ஒரு பெட்டி இணைக்கப்படும்.

அன்னெக்ரெட் அதை இரண்டு முறை படித்தாள். உறையைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில், காகிதத்துக்கான நீலத் தொட்டியில், போட்டாள்.

சங்கத்தில் ப்ளெட்னர் உரையாற்றினார். ஒழுங்காக நடந்துகொண்டதற்குக் கிடைத்த வெற்றி இது, சங்கம் ஒரு விதியையும் மீறாமல் சாதித்திருக்கிறது என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நின்றுகொண்டே கைதட்டினார்கள்.

"எல்லாரையும் விட்டுட்டுப் போனதுக்குப் பரிசா ரெண்டாவது பெட்டி குடுத்தாங்களா?" நெவின் விரிப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அடுத்த வாட்டி நூறு பேரை நிக்க வைடி. விமானமே விடுவாங்க."

"சிரிக்காதடி. மூணு வருஷத்துல திரும்பவும் எண்ணுவாங்களாம்."

டிசம்பரில் இரண்டு பெட்டி ரயில் வந்தது. புதிய பெட்டி, நீல இருக்கைகள், நல்ல கதகதப்பு. மார்டன்ஷ்டெட்டில் ஏறியவர் ஒருவர். திங்கள், புதன், வெள்ளி அவள் முதல் பெட்டியில் உட்கார்ந்தாள். செவ்வாய், வியாழன் நடைமேடையின் கடைசிவரை நடந்துபோய் இரண்டாவதில் ஏறினாள். ஜனவரியில் ஒரு நடத்துநர், அவளைப் பல வருடமாகத் தெரிந்தவர், இதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"என்ன ஃப்ராவ் லூடெமன், மொதல் பெட்டியே காலியா கெடக்கு. இந்தப் பனியில எதுக்கு அவ்வளவு தூரம் நடக்கறீங்க?"

"நடக்காம?" அன்னெக்ரெட் கையுறையைக் கழற்றி, மாதச் சீட்டை எடுத்து நீட்டினாள். "ரெண்டு பெட்டிக்கும் ஆள் வேணுமே."